பட்டியை விட்டு நகராத நாய்

"ஏனுங்கண்ணா, நல்ல கோம்பைக் குட்டி எங்க கிடைக்கும்?"

மாதத்துக்கு இரண்டு பேராவது போன் போட்டு இப்படிக் கேட்கிறார்கள். சிலர் ராஜபாளையம் என்பார்கள், சிலர் சிப்பிப்பாறை. விலை விவரமெல்லாம் அவர்களிடமே இருக்கும். நான் திருப்பிக் கேட்பது வேறு. எத்தனை ஆடு இருக்குது? ராத்திரி பட்டி எங்க அடைக்கிறீங்க? பட்டிக்கும் சாளைக்கும் எவ்வளவு தூரம்? பட்டியில் யாராவது படுக்கிறீங்களா? பக்கத்தில் கறிக்கடைக் கழிவு கொட்டுகிற இடம் எதுவும் இருக்குதா? எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "சரிங்கண்ணா, ஆனா எந்தச் சாதி நாய் வாங்கறது?" என்று மறுபடியும் அங்கேயே வந்து நிற்பார்கள்.

மனுசனுக்குச் சாதி பார்க்கக் கூடாது என்று மேடையில் பேசுகிற ஆளும் நாய் என்று வந்துவிட்டால் சாதியைத்தான் முதலில் கேட்கிறார். போகட்டும். ஐம்பது வருசமாக நாயோடு ஆடு வளர்க்கிறவன் என்ற முறையில், பட்டிக்காவலுக்கு உண்மையிலேயே என்ன வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் பகுதி காங்கயம் பக்கம். மானாவாரி மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்போம். சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். வேலி உயிர்வேலி என்பதால் ஆட்டையும் மாட்டையும் உள்ளே விட்டுக் கடவை அடைத்துவிட்டால் போதும், மேய்க்க ஆள் வேண்டாம். எங்க அப்பாரு காலத்தில் பகலில் ஆள் இல்லாவிட்டாலும் ராத்திரி பட்டியோரம் கயிற்றுக்கட்டில் போட்டு யாராவது படுத்திருப்பார்கள். இப்போது பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். சாளையில் இருப்பது வயதான புருசன் பொஞ்சாதி இரண்டு பேர். ஆள் வேண்டாத அந்த வசதியே இன்றைக்கு வினையாகிவிட்டது. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்து விவசாயிகள் தெருநாய் கடித்துச் செத்த ஆடுகளைப் போட்டுக்கொண்டு சாலையில் உட்கார்ந்து இழப்பீடு கேட்ட செய்திகளைப் படித்திருப்பீர்கள்.

ஆடு போனால் ஆட்டின் விலை மட்டும் போவதில்லை. படலை நகர்த்தி நகர்த்திப் பட்டி அடைக்கிற காட்டில் புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் இறங்குகிறது. அதற்கு ஈடாக எந்த மூட்டை உரத்தையும் நான் வைக்க மாட்டேன். ஒரு தடவை நாய் புகுந்து இருபது உருப்படி செத்த வீட்டில், மிச்ச ஆட்டையும் விற்றுவிட்டு "இனிமே இந்தச் சோலியே வேண்டாம்" என்று கையெடுத்துவிடுகிறார்கள். அடுத்த வருசம் அந்தக் காட்டுக்கு யூரியா வந்துவிடுகிறது. நாயைப் பற்றி இந்த இதழில் எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

நரியும் தெருநாயும் ஒன்றல்ல. குள்ளநரி பசிக்கு வரும். ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விடும். தெருநாய்க் கூட்டம் பசிக்கு மட்டும் வருவதில்லை. ஆடு ஓடுவதைப் பார்த்ததும் அதற்கு வெறி ஏறுகிறது. ஓடுவதைக் கடிக்கும், அது விழுந்ததும் விட்டுவிட்டு அடுத்ததைத் துரத்தும். பின்னந்தொடையும் கழுத்தும் கிழிந்து கிடக்கும், தின்றிருப்பது ஒன்றோ இரண்டோதான். கடிபடாத ஆடுகள்கூடப் பயத்தில் ஒரே மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி, அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் செத்திருக்கும். சினையாடுகள் அடுத்த வாரம் குட்டி வீசும். ஆகவே பட்டிக்குள் ஆடு கலைந்து ஓட ஆரம்பித்த பிறகு எவ்வளவு பெரிய நாயாலும் ஒன்றும் செய்ய முடியாது. வெளியில் வைத்தே நிறுத்த வேண்டும்.

கடிக்காத மணி

என்னிடம் இருந்த நாய்களில் மணி என்று ஒன்று. பார்க்கச் சாதாரண நாட்டு நாய். செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கும். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான் உயரம். சந்தையில் நிறுத்தினால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஐப்பசி மாதத் தூறல் ராத்திரி ஒன்று. மேற்கு வேலிப்பக்கம் மூன்று நாய்கள் வந்து நின்று குரைத்தன. மணி எழுந்து பாதித் தூரம் போனான். கால்களை ஊன்றி நின்று கனமாகக் குரைத்தான். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அந்த மூன்றும் பின்வாங்கி ஓடுகிற மாதிரி ஓடின. வேறு நாயாக இருந்தால் வேலியைத் தாண்டித் துரத்திக்கொண்டு போயிருக்கும். மணி போகவில்லை. திரும்பி ஓடிவந்து பட்டியைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போனான். அங்கே பனைமரத்து வரப்போரம் சத்தமே இல்லாமல் இரண்டு நாய்கள் படலுக்குப் பத்தடி தூரத்தில் நிற்கின்றன. மணி படலுக்கும் அவற்றுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான். நானும் போய்ச் சேர்ந்தேன், கல் வீசினேன், போய்விட்டன. அன்றைக்கு மணி ஒரு நாயையும் கடிக்கவில்லை. ஒரு ஆடும் பட்டிக்குள் எழுந்து ஓடவில்லை.

ஊரில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எத்தனை பேரைக் கடித்தது, எத்தனை நாயைக் கிழித்தது என்று. நான் பார்க்கிற கணக்கு வேறு. விடியற்காலையில் பட்டிக்குப் போனால் நாய் எங்கே படுத்திருக்கிறது? பட்டியோரமா, அல்லது ரோட்டோரமா? ராத்திரி நாலு தடவை எழுந்து சுற்றி வருகிறதா? துரத்திப் போனால் எவ்வளவு தூரத்தில் திரும்புகிறது? எங்கள் காட்டில் நல்ல நாய் வேலியோடு திரும்பிவிடும். அரை மைல் துரத்திவிட்டு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிற நாயை வீரன் என்று தட்டிக் கொடுப்பார்கள். அந்த அரை மணி நேரம் பட்டி அனாதையாகக் கிடந்ததை யாரும் பேச மாட்டார்கள்.

குரைப்பிலும் வித்தியாசம் உண்டு. காற்றில் ஏதோ வாடை வந்தால் ஒற்றைக் குரைப்பு. தெரிந்த ஆள் என்றால் தொண்டையிலேயே ஒரு முனகல். புதிய ஆள் என்றால் விடாமல் ஒரே தாளத்தில். பாம்பு என்றால் குரல் மாறி, நின்ற இடத்திலேயே பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து கத்தும். சும்மா எல்லாவற்றுக்கும் குரைக்கிற நாயின் சத்தம் மூன்றாம் நாள் நம் காதிலேயே விழாது. அளந்து குரைக்கிற நாய் கூப்பிட்டால்தான் மனுசன் எழுந்து வருவான். ராத்திரிக் காவல் நாயின் வேலை மட்டும் அல்லவே, நாய் எழுப்பினால் எழுந்து வர ஒரு ஆள் வேண்டும்.

அமெரிக்காவில் ரேமண்ட் காப்பிங்கர் என்ற உயிரியலாளர் 1970-களின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பா, துருக்கிப் பக்கத்து ஆட்டுக்காவல் நாய்களைக் கொண்டுவந்து அங்குள்ள பண்ணைகளில் கொடுத்துப் பல வருசம் ஆராய்ந்தார். அவர் மூன்று குணங்களைச் சொல்கிறார். ஆட்டுக்குத் தீங்கு செய்யாது என்று நம்ப முடிய வேண்டும். ஆட்டை விட்டு விலகாமல் கவனமாக இருக்க வேண்டும். ஆபத்து வந்தால் காக்க வேண்டும். காப்பது கடைசியில்தான் வருகிறது, கவனித்தீர்களா? எங்க அப்பாரு படிக்காதவர், அவரும் இதையேதான் சொல்வார்: "மொதல்ல பட்டியத் திங்காம இருக்கோணும், அப்புறம் பட்டிய உட்டுப் போகாம இருக்கோணும்."

பேர் பெற்ற நாய்கள்

நம் நாட்டு இனங்களை நான் குறைத்துப் பேசவில்லை. 2005-ல் அஞ்சல் துறை நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபணு வள நிறுவனம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் நாட்டு இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் ஒவ்வொரு இனமும் எந்த வேலைக்காகப் பல தலைமுறை பழக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்துக்கென்றே பிறந்த உடம்பு. ஒடுங்கிய வயிறு, நீண்ட கால், கண்ணால் பார்த்துத் துரத்துகிற புத்தி. முன்னே எது ஓடினாலும் பின்னால் ஓடச் சொல்கிற ரத்தம் அது. துள்ளுகிற ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவில் அதைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "சும்மா இரு" என்றால் பாவம், அது என்ன செய்யும்? பழக்கினால் இருக்கிற நாய்களும் உண்டு. ஆனால் மெனக்கெட வேண்டும். அதை வைத்து முயல் பிடிக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முயல் வேட்டை குற்றம். நாயை ஏவி விட்டாலும் வேட்டை வேட்டைதான்.

ராஜபாளையம் காவலுக்கு நல்ல நாய். ஆனால் தூய வெள்ளை நிறத்துக்காகவே சேர்த்துச் சேர்த்து, பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் அதில் வருகின்றன. வாங்குவதற்கு முன் குட்டிக்குப் பின்னால் நின்று, காற்று படாத தூரத்தில் ஒரு தட்டைத் தட்டிப் பாருங்கள். தேனிப் பக்கத்துக் கோம்பை உறுதியான நாய், விசுவாசம் அதிகம். ஆனால் கோம்பை என்று சொல்லி விற்கிற எல்லாக் குட்டியும் கோம்பை இல்லை. மூஞ்சி கருப்பாக, உடம்பு செவலையாக இருந்தால் போதும், பேர் வைத்துவிடுகிறார்கள்.

இனம் எதுவாக இருந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: தாயும் தகப்பனும் ஆட்டோடு இருந்தவையா? நாலு தலைமுறையாகக் கூண்டுக்குள் இருந்து, கண்காட்சியில் நடந்து கோப்பை வாங்கிய நாய்க்கு அழகு இருக்கும். வேலை செய்த ரத்தம் வேண்டுமென்றால் ஆட்டுக்காரர் வீட்டில்தான் தேட வேண்டும். அங்கே விலையும் கிடையாது. ஒரு படி கம்போ, ஒரு வேட்டி துண்டோ கொடுத்துவிட்டு வாங்கி வருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்.

தாயைப் பார்க்கப் போனால் பொழுது சாய்கிற நேரத்தில் போங்கள். பட்டி அடைக்கிறபோது தாய் எங்கே நிற்கிறது, ஆடுகள் அதைப் பார்த்து மிரள்கின்றனவா, இல்லை உரசிக்கொண்டு போகின்றனவா என்று பாருங்கள். ஆடு உரசினால் பாதி வேலை முடிந்தது. பிறகு குட்டிகள். 45 நாளுக்கு முன்னால் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது, 60 நாளானாலும் நல்லதுதான். சாதுவான ஒரு தாயாட்டை அருகில் நிறுத்திக் குட்டிகளை விடுங்கள். துள்ளிக் குரைத்து ஆட்டின் மூஞ்சியில் பாய்கிறதே, எல்லோருக்கும் பிடிக்கிற குட்டி, அது எனக்கு வேண்டாம். ஓடிப்போய் ஒளிகிற குட்டியும் வேண்டாம். உடம்பைத் தாழ்த்தி மெதுவாகப் போய் ஆட்டின் வாயை முகர்ந்து, நக்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே உட்காருகிறதே, அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். ஈயச்சட்டியைக் கீழே போட்டால் குட்டி பயப்படலாம், தப்பில்லை. பயந்து போனது அரை நிமிசத்தில் திரும்பி வந்து சட்டியை முகர்கிறதா என்பதுதான் முக்கியம்.

பெட்டை வேண்டாம் என்பார்கள் நிறையப் பேர். என் அனுபவத்தில் பட்டியை விட்டு நகராமல் இருப்பதில் பெட்டைதான் ஒரு படி மேல். பருவத்துக்கு வரும்போது ஊர் நாயெல்லாம் பட்டிக்கு வந்துவிடும் என்பது உண்மை. கருத்தடை செய்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை, காவல் புத்தியும் குறையாது.

முதல் நாலு மாதம்

குட்டி வந்த அன்றே பட்டியில் விட்டுவிட வேண்டும். வீட்டுக்குள் ஒரு வாரம் இருக்கட்டும், பாவம் குளிரும் என்று பெண்கள் சொல்வார்கள், பேரப்பிள்ளைகள் அழும். விட்டுக்கொடுக்காதீர்கள். மூன்றாவது வாரத்திலிருந்து நாலாவது மாதம் வரை குட்டி யாரோடு படுத்து எழுகிறதோ அவர்கள்தான் அதற்குச் சொந்தம். அந்த வயதில் ஆட்டோடு இருந்தால் ஆடு சொந்தம். வீட்டுத் திண்ணையில் இருந்தால் திண்ணைதான் சொந்தம், பிறகு எத்தனை முறை பட்டிக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டாலும் திண்ணைக்கு ஓடிவரும்.

பட்டியின் ஒரு மூலையில் சின்னப் படல் வைத்துத் தடுத்து, உள்ளே குட்டி, வெளியே ஆடு. ஒருவர் வாடை ஒருவருக்கு வர வேண்டும், ஆனால் கிடாய் முட்டினால் குட்டி தப்பிக்க இடம் வேண்டும். சாக்குப் படுக்கை போடுங்கள், அந்தச் சாக்கை முதலில் ஆடு படுத்த இடத்தில் இரண்டு நாள் கிடத்தி எடுங்கள். இரண்டு வாரம் கழித்து, பால் மறந்த ஆட்டுக்குட்டிகளோடு பகலில் கலந்து விடலாம். சோறு எப்போதும் பட்டியில்தான். கொஞ்சுவதும் பட்டியில்தான். கொஞ்சவே கூடாது என்று சிலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. கையால் தொட முடியாத நாய்க்கு ஊசி போட முடியாது, உண்ணி எடுக்க முடியாது. பந்து வீசி விளையாடுவது மட்டும் வேண்டாம். ஓடுவதைத் துரத்திப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஆட்டைத் துரத்தாதே என்றால் நாய்க்குப் புரியாது.

எட்டாவது மாதத்திலிருந்து ஒண்ணே கால் வருசம் வரைக்கும்தான் சோதனைக் காலம். இளவட்டம். நேற்றுவரை சாதுவாக இருந்தது, இன்றைக்கு ஆட்டுக்குட்டியின் காதைப் பிடித்து இழுக்கும், வாலைக் கவ்வும், விளையாட்டுக்குத் துரத்தும். ஆட்டுக்குட்டிக்குக் காது கிழியும். நிறைய நாய்கள் இந்த வயதில்தான் "உதவாது" என்று ரோட்டில் விடப்படுகின்றன. அந்த நாய்தான் பிறகு கூட்டத்தோடு சேர்ந்து வருகிறது, பட்டியின் நெளிவு சுளிவெல்லாம் தெரிந்துகொண்டு. பொறுக்க வேண்டும். கழுத்துக் கயிற்றில் ஒரு முழக் கட்டையைத் தொங்கவிட்டால் வேகமாக ஓட முடியாது, காலில் தட்டும். துள்ளுகிற இளங்குட்டிகளிடமிருந்து பிரித்து, கொம்பு வைத்த தாயாடுகளோடு விடுங்கள். இரண்டு முட்டு வாங்கினால் நாம் கற்றுக்கொடுப்பதைவிட நன்றாகக் கற்றுக்கொள்ளும். தவறு செய்கிற அந்த நொடியில் அதட்டினால் பலன் உண்டு. அரை மணி நேரம் கழித்து அடிப்பது நம் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள மட்டும்தான். இரண்டு வயதில்தான் நாய் முழுசாக முற்றும்.

பழைய நாய் ஒன்று இருந்தால் இந்த வேலையில் முக்கால்வாசியை அதுவே பார்த்துக்கொள்ளும். மணியிடம் வளர்ந்த வெள்ளச்சிக்கு நான் ஒன்றுமே சொல்லிக் கொடுத்ததில்லை.

பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டி ராத்திரி அவிழ்த்து விடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அந்த நாய்க்குக் கோபம் வருமே ஒழிய பொறுப்பு வராது. அவிழ்த்ததும் காலாற ஊர் சுற்றப் போய்விடும். காதை நறுக்குவது, வாலை வெட்டுவது, சோற்றில் மிளகாய்த்தூள் போடுவது, இதெல்லாம் வீரம் தரும் என்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை எதுவும் இல்லை.

தீனியும் நோயும்

எங்கள் நாய்களுக்குக் கம்மஞ்சோறோ ராகிக்களியோ மோர் ஊற்றிக் கரைத்தது. வாரத்தில் இரண்டு நாள் கறிக்கழிவு வேகவைத்தது, இல்லையென்றால் முட்டை. வெங்காயம் போட்ட குழம்பை ஊற்றாதீர்கள், நாய் ரத்தத்துக்கு வெங்காயம் ஆகாது. வெந்த கோழி எலும்பு ஊசி மாதிரி உடைந்து குடலைக் குத்தும்.

ஆடு வளர்ப்பவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சில ஆடுகள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு ஒரே இடத்தில் வட்டமடிக்கும், பிறகு தீனி எடுக்காமல் செத்துப்போகும். செய்வினை என்பார்கள். அது நாயின் குடலில் இருக்கும் ஒரு வகை நாடாப்புழுவால் வருவது. நாய்ப் பீயோடு முட்டை புல்லில் விழுகிறது, புல்லோடு ஆட்டுக்குள் போகிறது, ஆட்டின் மூளையில் நீர்க்கட்டியாக வளர்கிறது. அந்த ஆட்டின் தலையை நாய் தின்றால் மறுபடியும் நாய்க்குப் புழு. சங்கிலி இங்கேதான் அறுபடும்: செத்த ஆட்டின் தலையையும் குடலையும் பச்சையாக நாய்க்குப் போடக் கூடாது, ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, நாடாப்புழுவுக்கான மருந்து என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும். சாதாரணப் பூச்சி மருந்து எல்லாமே நாடாப்புழுவுக்குக் கேட்காது.

உண்ணிக்கு வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவுகிறோம், கையாலும் பொறுக்குகிறோம். ஆனால் நாய் சோர்ந்து காய்ச்சலடித்து ஈறு வெளுத்துப் போனால் அது உண்ணிக் காய்ச்சல். அப்போது கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில் ஒன்று, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, அப்புறம் வருசா வருசம். இயற்கை விவசாயி ஊசி போடலாமா என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். போட்டே ஆக வேண்டும். வெறிநோய் கண்டபின் மனுசனுக்கும் மருந்து கிடையாது, நாய்க்கும் கிடையாது. எந்த நாய் கடித்தாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் வைக்காமல் நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நோயில் போன நாய்களைவிட விசத்தில் போன நாய்கள் எங்கள் பக்கம் அதிகம். மணியும் அப்படித்தான் போனான், ஆறு வயதில். பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் பன்றிக்கும் தெருநாய்க்குமாகச் சேர்த்துக் குருணை மருந்தைக் கோழிக்குடலில் கலந்து வரப்பில் வைத்திருந்தார். காற்றில் பறவை கொண்டுவந்து போட்டதோ என்னவோ, துண்டு ஒன்று எங்கள் வேலிக்குள் விழுந்திருக்கிறது. வாயில் நுரை, உடம்பெல்லாம் நடுக்கம், கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. வேலியிலிருந்து பட்டிவரை நாற்பது அடி இழுத்துக்கொண்டு வந்து அவன் வழக்கமாகப் படுக்கிற இடத்தில் படுத்தான். இந்த விசத்துக்கு முறிவு ஊசி கால்நடை மருத்துவரிடம் உண்டு, நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். டாக்டர் வந்து சேர்ந்தபோது முடிந்துவிட்டது. இப்படி நடுக்கம் கண்ட நாய்க்குப் புளித்தண்ணி, எண்ணெய், முட்டை என்று வாயில் ஊற்றுவார்கள். விழுங்க முடியாத நாய்க்கு அது நுரையீரலுக்குள் போய் அதுவே எமனாகும். வாயைத் துடைத்துவிட்டு, கையுறையோ பாலித்தீன் பையோ மாட்டிக்கொண்டு தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு ஓடுவது ஒன்றுதான் வழி.

பதினெட்டு வருசமாக ஒரு சொட்டு விசம் இறங்காத மண் என்னுடையது. வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பதை என்ன செய்ய? குருணை மருந்தாக விற்ற போரேட்டுக்கு 2018-ல் தடை ஆணை வந்து, 2020 டிசம்பரோடு நிறுத்த வேண்டும் என்று சொல்லியும் பழைய டப்பாக்கள் எத்தனை அட்டாலியில் இருக்கின்றனவோ. நான் அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. செத்த நாயைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். "தெரியாமப் போச்சுங்க" என்றார். அதற்கப்புறம் அவர் வரப்பில் எதுவும் வைப்பதில்லை. எங்கள் ஊரில் மற்றவர்கள் வைக்கிறார்கள்.

எத்தனை நாய்

ஒரு நாய் எட்டு நாயைத் தடுக்காது. வீடியோவில் வருவதை நம்பாதீர்கள். ஐம்பது உருப்படிவரை இரண்டு நாய், அதற்குமேல் மூன்று. ஒரே வயதில் இரண்டு குட்டிகளைச் சேர்த்து வளர்த்தால் ஒன்றோடொன்று விளையாடிக்கொண்டு ஆட்டை மறந்துவிடும். இரண்டு வருசம் இடைவெளி விட்டு வளருங்கள். நாயோடு கூடவே பட்டிக்கு நாலரை அடி உயரத்தில் வலையோ படலோ வேண்டும், அடியில் முள் வைத்து அடைக்க வேண்டும், தெருநாய் தோண்டித்தான் நுழையும். கிளுவை வேலியில் சந்து விழுந்த இடத்தில் மழைக்காலத்தில் புதுப் போத்து நட வேண்டும். கறிக்கடைக்காரர்கள் கழிவை ஓடையோரம் கொட்டுகிறவரை அந்த ஓடையோரத்துப் பட்டிகளுக்கு எந்த நாயாலும் நிம்மதி வராது. அதைப் பஞ்சாயத்தில்தான் பேச வேண்டும்.

நாய்களைக் கொல்வது வழியில்லை, சட்டத்திலும் இடமில்லை. 2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும். உள்ளாட்சி அதைச் செய்கிறதா என்று கேட்க வேண்டியது நாம். ஆனால் ஒன்றை நமக்குள் ஒத்துக்கொள்ள வேண்டும். பட்டியில் புகுந்த கூட்டங்களில் கழுத்தில் பட்டை போட்ட நாய்களையும் நான் பார்த்திருக்கிறேன். பகலில் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் படுத்து, ராத்திரி கூட்டத்தோடு சேருகிற நாய்கள். காலையில் வீட்டுக்காரர் அதற்குப் பால்சோறு வைப்பார். நாய் வளர்க்கிற ஒவ்வொரு தோட்டத்திலும், ராத்திரி பதினொரு மணிக்கு நம் நாய் எங்கே இருக்கிறது என்று ஒரு முறை டார்ச் அடித்துப் பார்த்தால் ஊரில் பாதிச் சாவு குறையும் என்றே நினைக்கிறேன்.

வெள்ளச்சிக்கு இப்போது பதினோரு வயது. கடைவாய்ப் பல் விழுந்துவிட்டது, அதனால் களியைக் கொஞ்சம் தண்ணியாகக் கரைத்து ஊற்றுகிறோம். பட்டியை முழுசாகச் சுற்றி வர முடிவதில்லை. கடவுக்கு நேராகப் படுத்துக்கொள்கிறாள். ஐந்து மாதக் குட்டி ஒன்று அவளுக்குப் பக்கத்தில் படுக்கிறது. ராத்திரி அவள் தலையைத் தூக்கி எந்தப் பக்கம் பார்க்கிறாளோ, அந்தப் பக்கம் குட்டி எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.